கோச்சுக்கின சித்தப்பா

பொம்மைக் கல்யாணத்தை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடம் முதலில் சொல்லத் தோன்றியதோ, அவளோடு எனக்கு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் என் அக்கா. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் மறைமலை நகரில் இருக்கிறாள், நான் ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நடுவில் ஒரு மணி நேர பஸ். அந்த ஒரு மணி நேரத்தை அவளும் தாண்டவில்லை, நானும் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஏறுவதற்கு ஒரு நொடி போதும், இறங்கத்தான் வருஷக்கணக்கு ஆகும்.

கம்பெனியில் என் பக்கத்தில் நிற்கிற பெண்தான் டீ பிரேக்கில் விஷயத்தைச் சொன்னாள். "சுங்குவார்சத்திரத்துல பொம்மை வூடு ஒண்ணு கீதே, அத்த இடிச்சுட்டு லேடீஸ் ஹாஸ்டல் கட்டப் போறாங்களாம்க்கா." சட்டென்று கை போனை எடுத்துவிட்டது. அக்காவின் நம்பர் வரைக்கும் போய், அப்புறம்தான் நாங்கள் பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்தது. போனை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

அது பொம்மை வீடு இல்லை. பொம்மைக் கல்யாணம். பெங்களூர் ரோட்டின் மேல் ஒரு டிபன் கடை, அதன் பின்னால் நீளமாக ஒரு தகர ஷெட். கடைக்கார அண்ணனுக்கு லாரி ஒயரிங் வேலை தெரியும். பழைய லாரிகளின் வைப்பர் மோட்டார்களைக் கழற்றி வந்து பொம்மைகளை ஆடவைத்தார். அவருடைய வீட்டுக்காரம்மா, நாங்கள் கடையக்கா என்று கூப்பிடுவோம், இட்லி ஊற்றிய நேரம் போக அந்தப் பொம்மைகளுக்குப் பட்டுத் துண்டில் உடுப்பு தைப்பாள். வருஷம் முழுக்க உள்ளே ஒரே ஒரு கல்யாணம்தான். மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பான். கட்ட மாட்டான். கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்துவிடுமே.

வாசலில் 'பொம்மைக் கல்யாண மண்டபம்' என்று போர்டு தொங்கும். நிஜ மண்டபம் என்று நினைத்துத் தேதி கேட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கடையக்கா முகம் மாறாமல், "இந்த வருசத்து முகூர்த்தம் எல்லாம் புக் ஆயிட்ச்சுங்க" என்று அனுப்பிவைப்பாள்.

மாப்பிள்ளை ஒரு மரப்பாச்சி. பெண், மஞ்சள் முடி வைத்த பிளாஸ்டிக் பொம்மை. படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள் என்பதால் அவளை யாரும் சாய்க்கவே கூடாது. மாப்பிள்ளை அவள் இடுப்பு உயரம்தான் இருப்பான். அதற்கென்ன, ஊரில் நடக்காததா? தாய்மாமன் தலையாட்டிப் பொம்மை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார், சரி என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று கடைசி வரைக்கும் தெரியாது. சமையல்காரர் கிறிஸ்துமஸ் தாத்தா. பெண்ணின் தோழிகள் வரிசையில் ஒரு டிராபிக் போலீஸும் நின்றிருந்தார். லாரி டிரைவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ கொண்டுவந்து கொடுத்தவை எல்லாம். வந்தவர் யாராக இருந்தாலும் கடையக்கா ஒரு உறவுமுறை சொல்லி உட்காரவைத்துவிடுவாள்.

ஆனால் நானும் அக்காவும் போனது இவர்களுக்காக இல்லை. வாசலில் ஒரு நாற்காலி இருக்கும். அதில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியும் தோளில் துண்டுமாக, ஆள் உயரத்தில் பாதி இருக்கிற ஒரு களிமண் பொம்மை உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பா. தனக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் உட்கார்ந்தவர். கோச்சுக்கின சித்தப்பா என்றுதான் ஊரே அவரைச் சொல்லும். உள்ளே போக வேண்டுமானால் முதலில் அவரைச் சமாதானம் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும், குங்குமம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு. அதைத் தூக்கி நீட்டி, "சித்தப்பா, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் அண்ணன் சுவிட்சை அமுக்குவார். கர்ர்ரென்று நாற்காலி மெதுவாகத் திரும்பும். அவர் முகம் திரும்பின பிறகுதான் உள்ளே விளக்கு எரியும், மேளக்காரன் கை இறங்கும், கல்யாணம் நடக்கும்.

அப்பா மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அழைத்துப் போவார். நான் முன் கம்பியில், அக்கா பின்னால் கேரியரில். எனக்கு ஆறு வயது இருக்கும், அவளுக்கு ஒன்பது. தட்டு நீட்டுவது நான். அக்கா ஓடிப்போய் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சித்தப்பாவுக்குக் குரல் கொடுப்பாள். "எனுக்குப் பத்திரிகையே வெக்கல. நான் வரமாட்டேன். போங்கடா!" நான் கெஞ்சுவேன். "என் வேட்டி கசங்கிப் பூட்ச்சு, நான் வரமாட்டேன்!" திரைக்குப் பின்னால் அண்ணனுக்கே சிரிப்பு அடங்காது, சுவிட்சை அமுக்க மறந்துவிடுவார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிடும். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி வளர்ந்தவள், பத்திரிகை வைக்கிற விஷயத்தில் போய்க் கோட்டைவிட்டேன் பாருங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வீடு கட்டினோம். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள், உயிர் போய் உயிர் வந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்து, நானும் வீட்டுக்காரரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினோம். என் சூப்பர்வைசர் வீட்டுக்குக்கூட நேரில் போய் வைத்தேன். அக்காவுக்கு? பத்திரிகையைப் போட்டோ எடுத்து பேமிலி குரூப்பில் போட்டதோடு சரி. அவள் நம்ம ஆள்தானே, கூடப் பிறந்தவளுக்குத் தட்டு நீட்டினால் அவளை வெளியாளாக்கின மாதிரி ஆகாதா என்று நினைத்தேன். அவள்தான் முன்னாடி நின்று பால் காய்ச்ச வேண்டியவள். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அவள் வரவில்லை. ஹோமப் புகையில் கண் எரிய எரிய வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பால் பொங்கியது. யார் யாரோ கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

மறுநாள் நான்தான் போன் செய்தேன். நலம் விசாரிக்க இல்லை, சண்டைக்கு. "இன்னாக்கா, சொந்தத் தங்கச்சி வூட்டுக்கு வர்றதுக்கு உனுக்கு நேரம் இல்லியா?" என்று ஆரம்பித்தேன். "போன்ல போட்டோ போட்டா அழைச்சதாயிடுமாடி? உன் சூப்பர்வைசர் வூட்டுக்குத் தட்டு எடுத்துக்கினு போனியாமே. நான் இன்னா அழையா விருந்தாளியா?" என்றாள். அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடுகிற வாயா இது? "உனுக்கு வயித்தெரிச்சல்னு சொல்லிட்டுப் போ" என்றேன். வாடகை வீட்டில் இருக்கிறவளைப் பார்த்து அதைச் சொன்னேன். அவள் போனை வைத்தாள். அதோடு முடிந்தது. அதன்பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, அவள் மகள் வயதுக்கு வந்தாள், எனக்கு மூன்றாவது மனிதர் வழியாகத்தான் தெரிந்தது. அன்றைக்குப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது, சுங்குவார்சத்திரம் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "நீ இந்த ரூட் இல்லியேம்மா?" என்றார். "இன்னிக்கி இதான்" என்றேன். கண்ணுக்குள் மணல் போட்டது போல் எரிச்சல். பெல்ட்டில் சாமான் ஓடுகிற லைனையே எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால், நின்றிருக்கிற பொருளும் நகருவது போலத் தெரியும். மரம், கடை, மாடு எல்லாம் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த மயக்கத்திலேயே இறங்கி நடந்தேன்.

டிபன் கடை இருந்தது. போர்டில் 'மண்டபம்' மட்டும் மிச்சம் இருந்தது. கடையக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைச் சற்று நேரம் பார்த்தாள். அப்புறம், "அடிப் பாவி, விக்கல்காரி!" என்றாள். அவ்வளவுதான், என் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்டியாவா வந்துகீறே? எங்க உங்க அக்கா, அந்த வாய்க்காரி?"

"அவளுக்கு ஷிப்ட்டுக்கா" என்றேன். அக்கா எந்தக் கம்பெனியிலும் வேலை செய்யவில்லை. வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.

அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறதாம். மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. இடத்துக்காரர் ஹாஸ்டல் கட்டக் கேட்டதும் கடையக்கா மறுபேச்சு பேசவில்லை. "அதுங்களுக்குப் பொட்டு வெச்சு பொட்டு வெச்சு என் முட்டி போச்சுடி. வர்ற ஞாயித்துக்கிழமை மூணு முடிச்சு போட்டுடலாம்னு கீறேன். முப்பது வருசமா அந்தப் புள்ள தாலியத் தூக்கிக்கினே நிக்கிறான், கை வலிக்காது? கட்டி முடிச்சுட்டு ஆளுக்கு ஒரு பொம்மைய குடுத்துடுவேன்" என்றாள்.

ஷெட்டுக்குள் போனேன். தகரத்தில் ஆணி போன ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியிருந்தது. ஒரு பொட்டு தாய்மாமன் மூக்கில், ஒரு பொட்டு பெண்ணின் பட்டில். வெளியே லாரி போகும்போதெல்லாம் தரை அதிர்ந்து, தாய்மாமன் மட்டும் மெல்லத் தலையாட்டினார். மோட்டார் செத்தும் அவர் ஓயவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண் சொருகியது. தூக்கமா விழிப்பா தெரியவில்லை, என் வீட்டு கிரகப்பிரவேசப் பந்தியில் பொம்மைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன. கிறிஸ்துமஸ் தாத்தா சாம்பார் ஊற்றிக்கொண்டு வருகிறார். டிராபிக் போலீஸ் இன்னொரு வடை கேட்கிறார். நான் ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து அக்காவைத் தேடுகிறேன். எல்லோரும் மரமுகத்தோடு என்னைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், தெற்கத்திப் பேச்சு, கழுத்தில் கம்பெனி கார்டுகூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருத்தி சித்தப்பாவின் முதுகைப் போட்டோ எடுத்தாள்.

"ஏட்டி, இவிய ஏன் இப்படித் திரும்பி உக்காந்திருக்காவ?" என்று மற்றவளைக் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கோபம். கல்யாணத்துக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்கலை" என்றேன்.

"எத்தனை வருசமாக்கா?"

"முப்பது வருஷம் இருக்கும்."

"அடேயப்பா!" என்று வாயில் கை வைத்தாள். "ஒருக்க போயிக் கூப்பிட்டிருந்தா தீந்து போயிருக்கும்லா? அப்படி என்ன கொறஞ்சு போயிருவாவ அந்த வீட்டுக்காரவிய?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டுக்காரி இதோ உட்கார்ந்திருக்கிறாள், முகத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது. அவர்கள் இருவரும் பெண் பொம்மையோடு செல்பி எடுத்துக்கொண்டு, தூக்கம் வருகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

நான் எழுந்து சித்தப்பாவின் முன்னால் போனேன். முன்னால் என்ன, பின்னால். தட்டு இல்லை. வெறுங்கையைக் கூப்பி, "சித்தப்பா, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்றேன். திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை. கடையக்கா வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "மோட்டாரு செத்து எத்தினி வருசம் ஆவுது, சும்மா கூப்டா அவுரு எப்டி திரும்புவாரு? கையப் போட்டுத் திருப்பு" என்றாள்.

கனமாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அம்மாடி, ஒன்றுமே இல்லை, விரல் பட்டதும் திரும்பிவிட்டது. வெயில் பொட்டு ஒன்று அவர் மீசையில் விழுந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான், ஆனால் கண் உருட்டி, பல் கடித்த முகமாகத்தான் இத்தனை வருஷமும் ஞாபகத்தில் இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. சாதுவான முகம். உதட்டோரம் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. கோபம் எல்லாம் அக்கா கொடுத்த குரலில்தான் இருந்திருக்கிறது.

"அக்கா, ஒரு தட்டு குடு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அவளைப் போய் அழைக்கணும். ஷிப்ட்டுன்னு சொன்னது பொய்."

கடையக்கா வெங்காயத்தை ஓரமாக வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். மஞ்சள், குங்குமம், கடைக்காக வைத்திருந்த வெற்றிலை, நான்கு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கற்கண்டு. "போறச்சே வாயக் கட்டிக்கினு போ" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்ரீபெரும்புதூர் போய், சிங்கப்பெருமாள் கோயில் பஸ் பிடித்தேன். மடியில் தட்டு. தட்டைப் பார்த்ததும் ஜன்னலோர அம்மா நகர்ந்து இடம்விட்டு, "யாருக்கும்மா கல்யாணம்?" என்றாள். மரப்பாச்சிக்கு என்றா சொல்ல முடியும்? "சொந்தத்துல" என்றேன். "நல்லபடியா நடக்கட்டும்" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்டெய்னர் லாரிகளும் கம்பெனிச் சுவர்களும் நீளமாக நகர்ந்துகொண்டே இருந்தன. ஒரகடம் வந்தது, என் வீட்டுக்குத் திரும்புகிற ரோடு வந்தது, போயிற்று. இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் கால் துடித்தது. கதவைச் சாத்திவிட்டாள் என்றால்? தட்டை வாங்கமாட்டேன் என்றால்? அப்புறம் இந்த ஜென்மத்தில் நான் போகவும் மாட்டேன், அவள் வரவும் மாட்டாள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி மறைமலை நகர் போனேன். அவள் வீடு முதல் மாடி. தையல் மிஷின் சத்தம் படியிலேயே கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலில் நின்றதும் மிஷின் நின்றது. இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"அக்கா" என்றேன். "வர்ற ஞாயித்துக்கிழமை சுங்குவார்சத்திரத்துல பொம்மைக்குத் தாலி கட்டறாங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

அவள் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை வலித்தது, தட்டை இறக்கவில்லை. அப்புறம் எழுந்து வந்து, விரலில் இருந்த நூலைப் புடவையில் துடைத்துவிட்டு, முறைப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு. நைட் ஷிப்ட்டா? கண்ணு ரத்தமா கீது" என்றாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். எனக்குப் பிடித்த மாதிரி, சர்க்கரை தூக்கலாக.

"நான் அன்னிக்கிச் சொன்ன வார்த்தை தப்புக்கா" என்றேன். "உன்னை வெளியாளா நெனைக்கல. நம்ம ஆளுன்னு நெனைச்சேன். அது உனுக்கும் தெரியும்னு நெனைச்சேன்."

அவள் மிஷினில் கிடந்த துணியை மடித்தாள். எனக்குத் தாங்கவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவள் மேஜை மேல் வைத்திருந்த அதே தட்டை எடுத்து மறுபடி நீட்டினேன்.

"இன்னொண்ணுக்கும் அழைக்க வந்தேன். என் வூட்டுக்கு வாக்கா. மூணு வருஷம் லேட்டு. ஒரகடத்துல எறங்கி ஒரு போன் அடி, நானே வந்து கூட்டிக்கினு போறேன். உள்ரோடு ரொம்ப வளையும், உனுக்குப் புரியாது."

"எனுக்கு வழி தெரியும்" என்றாள்.

"எப்பிடி? நீ வந்ததே இல்லியே?"

அவள் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கி வந்தேன். உன் வூட்டுக்கு எதிர்ல ஒரு டிரான்ஸ்பார்மர் கீதுல்ல, அதாண்ட நின்னுகினு இருந்தேன். கையில குத்துவிளக்கு. நீ வாசலுக்கு வர்றே, ரோட்டப் பாக்கறே, உள்ள போறே. மறுபடி வர்றே, மறுபடி போறே. இந்தாண்ட ஒரு தபா திரும்பினா போதும், ஒரு 'வா' சொன்னா போதும், ஓடியாந்துடலாம்னு நின்னேன்."

நான் பஸ் வருகிற பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். எதிரில் பார்க்கவே இல்லை. அப்படி வந்து நின்றவளைத்தான் மறுநாள் வயிற்றெரிச்சல்காரி என்றேன்.

"எவ்ளோ நேரம்க்கா நின்னே?" என்று கேட்டேன். வார்த்தை வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"கடைசிப் பந்தி எழுந்துக்கிற வரைக்கும்டி" என்றாள்.